கண்டுகொள்ளப்படாத பேக்கப் குவாட்டர்பேக்குக்கு ஸ்டார்ட்டராக ஆட ஒரு வாய்ப்பு கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் நீங்கள் கேள்வியில் சொல்லியிருக்கும் காரணத்துக்காக இல்லை. உங்கள் அமெரிக்க ஃபுட்பால் அணியின் ஸ்டார்ட்டர், அதாவது முதலில் இறங்கும் குவாட்டர்பேக் (ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர்), வாரா வாரம் பந்தை எதிராளி கையில் கொடுத்துவிட்டு வருகிறார், அவருக்கு மாற்றாளான பேக்கப் இரண்டு வருடமாகப் பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார், சீசனுக்கு முந்தைய ஆகஸ்ட் மாத ஒத்திகை ஆட்டங்களில் நன்றாக எறிந்தார், அவருக்கும் ஒரு நியாயம் வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்எஃப்எல்லில், அதாவது அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கில், பொறுமைக்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை. எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் என்றால் நாலைந்து பேரை மாற்றி மாற்றி இறக்கலாம். குவாட்டர்பேக் நம் விக்கெட் கீப்பர் மாதிரி, ஒருத்தர் நின்றால் இன்னொருத்தருக்கு அங்கே இடமே கிடையாது. என் காரணம் வேறு. ஒரு பேக்கப் எவ்வளவு நன்றாக ஆடுவார் என்பது அவருடைய சொந்த அணிக்கே பெரும்பாலும் தெரியாது. இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

இதைச் சொன்னதும் எல்லோரும் சொல்லும் பதில், “கோச்சுகள் தினமும் பிராக்டிஸில் பார்க்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?” என்பது. சரி, அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்ப்போம்.

கர்ட் வார்னர் 1994-ல் டிராஃப்டில் (அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) யாராலும் எடுக்கப்படாதவர். கிரீன் பே பேக்கர்ஸ் முகாமுக்குப் போனார், அனுப்பிவிட்டார்கள். அயோவாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மணிக்கு ஐந்தரை டாலருக்கு ராத்திரி ஷிஃப்டில் அலமாரி அடுக்கினார், அப்புறம் உள்ளரங்கில் ஆடும் அரீனா ஃபுட்பால், அப்புறம் ஆம்ஸ்டர்டாம் போய் என்எஃப்எல் யூரோப், கடைசியில் 1998-ல் செயின்ட் லூயிஸ் ராம்ஸில் மூன்றாவது குவாட்டர்பேக். அந்த சீசன் முழுக்க அவர் எறிந்தது 11 பந்து, போய்ச் சேர்ந்தது 4. அந்த ராம்ஸ் 4 வெற்றி, 12 தோல்வி என்று முடித்த அணி, அதாவது குவாட்டர்பேக் விஷயத்தில் இழக்க அவர்களிடம் பெரிதாக எதுவும் இல்லை, அப்படியிருந்தும் இவரை இறக்கிப் பார்க்கலாம் என்று தோன்றவில்லை. அதற்கு மேல் ஒன்று. 1999-ல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் புதிதாகத் தொடங்கியபோது மற்ற அணிகள் தங்களுக்குத் தேவைப்படாத சிலரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது; ராம்ஸ் விட்டுக்கொடுத்த பட்டியலில் வார்னர் பெயரும் இருந்தது. பிரவுன்ஸும் எடுக்கவில்லை! குவாட்டர்பேக்கே இல்லாத அணிக்கும் அவர் வேண்டியிருக்கவில்லை.

ராம்ஸ் பணம் கொடுத்துக் கொண்டுவந்தது டிரென்ட் கிரீனை. சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஒத்திகை ஆட்டத்தில் கிரீனின் முழங்கால் போனது, வேறு வழியில்லாமல் வார்னர் இறங்கினார். 41 டச்டவுன் (எதிராளியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்), எறிந்து கடந்த தூரம் 4,353 யார்டு, 13 வெற்றிக்கு 3 தோல்வி, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, டென்னசி டைட்டன்ஸை 23-16 என்று வென்ற சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்), அதிலும் அவரே ஆட்ட நாயகன். 2017-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். இந்த ஆளைத்தான் ஒரு வருடம் முழுக்கத் தினமும் பிராக்டிஸில் பார்த்திருந்தார்கள்.

பின்னாளில் லீக்கின் மிகப் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடி கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக: 2000 டிராஃப்டில் 199-வது ஆள், அடுத்த வருடம் ஸ்டார்ட்டர் டிரூ பிளெட்சோவுக்கு நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி 10 ஆண்டுக்கு 103 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது, செப்டம்பரில் எதிரணியான நியூயார்க் ஜெட்ஸின் மோ லூயிஸ் மோதியதில் பிளெட்சோவுக்கு நெஞ்சுக்குள் ரத்தக்கசிவு, பிரேடி உள்ளே வந்தார். அந்த மோதல் நடக்காமல் இருந்திருந்தால் அந்த வருடம் பிரேடி இறங்கியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இதில் கோச் பில் பெலிசிக்குக்கு ஒரு பாராட்டு உண்டு. நவம்பரில் பிளெட்சோ குணமாகித் திரும்பியபோது, அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கண் முன்னால் இருந்தும், பிரேடியையே தொடர வைத்தார். காயம் ஆளைக் காட்டிக்கொடுத்தது, அதற்கப்புறமாவது கண்ணை நம்பினார்.

பிராக் பர்டி இன்னும் சமீபத்தியவர். 2022 டிராஃப்டில் கடைசி ஆள், 262-வது. சான் ஃபிரான்சிஸ்கோ அதற்கு முந்தைய வருடம்தான் டிரே லான்ஸ் என்ற குவாட்டர்பேக்குக்காக டிராஃப்டில் மூன்று முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளைத் தூக்கிக் கொடுத்திருந்தது. லான்ஸுக்கு இரண்டாவது வாரமே கணுக்கால் போனது, டிசம்பர் 4 அன்று அவருக்குப் பதிலாக ஆடிய ஜிம்மி கரோபலோவின் பாதம் உடைந்தது, மூன்றாவது ஆளாக பர்டி இறங்கி மயாமியை வென்றார், அடுத்த வாரம் அதே பிரேடி ஆடிய டாம்பா பே அணியை 35-7 என்று அடித்தார். அடுத்த சீசன் 4,280 யார்டு, 31 டச்டவுன், சூப்பர் பவுல் வரை போய் கூடுதல் நேரத்தில் கன்சாஸ் சிட்டியிடம் தோற்றார். லான்ஸை நாலாவது சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு டாலஸுக்குத் தள்ளிவிட்டார்கள்.

மூன்று பேர், மூன்று அணிகள். ஒருத்தரையும் யாரும் திறமையைக் கண்டுபிடித்து இறக்கவில்லை. முழங்காலும் நெஞ்சும் பாதமும் எடுத்த முடிவுகள் அவை.

பிராக்டிஸில் ஏன் தெரிவதில்லை என்பதற்கு மாயமான காரணம் எதுவும் இல்லை. சீசன் நடக்கும்போது முதல் அணியோடு பயிற்சி செய்யும் நேரம் ஏறக்குறைய முழுவதும் ஸ்டார்ட்டருக்கே போகும். பேக்கப்பின் வேலை, அடுத்த வாரம் வரப்போகும் எதிரணியின் குவாட்டர்பேக்காக நடித்து நம் டிஃபென்ஸுக்குப் பயிற்சி கொடுப்பது. அட்டையில் வரைந்து காட்டும் வேறு ஒருவருடைய பிளேயை (ஆட்ட நகர்வை) அப்படியே ஓட்ட வேண்டும். அதில் அவருடைய சொந்த யோசனைக்கு இடம் எங்கே? போதாக்குறைக்கு பிராக்டிஸில் குவாட்டர்பேக்கை யாரும் தொடக்கூடாது, அதற்கென்றே தனி நிறத்தில் ஜெர்சி போட்டு நிற்க வைத்திருப்பார்கள். 130 கிலோ ஆள் ஒருத்தன் முகத்துக்கு நேரே பாய்ந்து வரும்போது கண் எங்கே போகிறது, கால் என்ன செய்கிறது என்பதுதான் இந்த வேலையில் பாதி, அது அங்கே பார்க்கக் கிடைக்காது. நீங்கள் சொல்லும் ஆகஸ்ட் ஆட்டங்களும் அப்படித்தான், எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் அடுத்த வாரம் வேலை இழக்கப் போகிறவர்கள். அதை வைத்து அவரைத் தூக்கிப் பேசாதீர்கள்.

இதற்கு மறுபக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் யாராவது மேட் ஃபிளின் பெயரோடு வந்து நிற்பார்கள். 2012 ஜனவரி 1, பேக்கர்ஸ் ஏற்கெனவே முதலிடத்தை உறுதி செய்துவிட்டதால் ஆரன் ராட்ஜர்ஸுக்கு ஓய்வு. ஃபிளின் இறங்கி டெட்ராய்ட்டுக்கு எதிராக 480 யார்டு, 6 டச்டவுன். அதுவரை எந்த பேக்கர்ஸ் குவாட்டர்பேக்கும் ஒரே ஆட்டத்தில் அதைச் செய்ததில்லை. அந்த ஒரு ஆட்டத்தை நம்பி சியாட்டில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது, பயிற்சி முகாமிலேயே மூன்றாவது சுற்றில் எடுத்த ரஸல் வில்சனிடம் இடத்தைப் பறிகொடுத்தார், சியாட்டிலுக்காக ஒரு ஆட்டம்கூட ஸ்டார்ட் செய்யவில்லை. ஜெட்ஸின் மைக் வைட் 2021-ல் முதல் ஸ்டார்ட்டிலேயே சின்சினாட்டிக்கு எதிராக 405 யார்டு எறிந்து ஊரைக் கிறுக்காக்கினார், இரண்டு வாரம் கழித்து பஃபலோவிடம் நாலு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிராளி பிடித்துவிடுவது). நிக் ஃபோல்ஸ் சூப்பர் பவுலில் பிரேடியை 41-33 என்று வென்ற பேக்கப், அதை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது, ஆனால் அதை நம்பி 88 மில்லியன் ஒப்பந்தம் போட்ட ஜாக்சன்வில்லுக்கு முதல் ஆட்டத்திலேயே காறை எலும்பு உடைந்த ஆள்தான் மிஞ்சினார், ஒரே சீசனில் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த உதாரணங்களை வைத்து “பார்த்தாயா, பேக்கப் பேக்கப்தான்” என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இவர்களை இறக்கியதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஃபிளினை இறக்கிய பேக்கர்ஸ் அந்த ஆட்டத்தை ஜெயித்தது. நஷ்டப்பட்டவர்கள் ஓரிரு ஆட்டங்களைப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தவர்கள். வாய்ப்பு கொடுப்பதும் ஒப்பந்தம் கொடுப்பதும் வேறு வேறு விஷயம், நாம் வாதாடும்போது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது மலிவு, இரண்டாவது பயங்கர விலை.

ஒரு ஆட்டம் எந்தப் பக்கமும் பொய் சொல்லும் என்பதற்கு டாலஸின் டோனி ரோமோவைவிட நல்ல சாட்சி கிடையாது. 2006 அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் பாதியில் கோச் பில் பார்செல்ஸ் ஸ்டார்ட்டரை உட்கார வைத்துவிட்டு இவரை இறக்கினார் (உட்கார வைக்கப்பட்டவர் யார் தெரியுமா, அதே பிளெட்சோ, பாவம்). ரோமோவின் முதல் எறிதலே இன்டர்செப்ஷன். ஆட்டம் முடிவதற்குள் மூன்று இன்டர்செப்ஷன். நம் ரசிகர்கள் கையில் முடிவு இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு அனுப்பியிருப்போம். பார்செல்ஸ் அடுத்த வாரமும் அவரையே இறக்கினார், இந்த முறை வாரம் முழுக்க முதல் அணியோடு பயிற்சி செய்தவராக, கரோலினாவை 35-14 என்று வென்றார்கள், டாலஸுக்கு அடுத்த பல வருடங்களுக்கு குவாட்டர்பேக் கிடைத்தார். காயம் எதுவும் இல்லாமல் ஒரு கோச் தானாக எடுத்த முடிவு என்பதால் இந்தக் கதை எனக்குத் தனியாகப் பிடிக்கும்.

ஜீனோ ஸ்மித்துக்கும் யாருடைய காயமும் இல்லாமல்தான் வாய்ப்பு வந்தது. லாக்கர் ரூமில் சக ஆட்டக்காரர் குத்தியதில் தாடை உடைந்து 2015-ல் இடத்தை இழந்தவர், அதற்கப்புறம் ஈலை மேனிங், ஃபிலிப் ரிவர்ஸ், வில்சன் என்று ஒவ்வொருவர் பின்னாலும் உட்கார்ந்தார். 2022-ல் சியாட்டில் வில்சனை டென்வருக்கு விற்றபோது ஜீனோவை நம்பினார்கள் என்று சொல்வதைவிட வேறு ஆள் இல்லை என்று சொல்வதே சரி. அந்த சீசனில் எறிந்ததில் 69.8 சதவீதம் போய்ச் சேர்ந்தது, லீக்கிலேயே அதுதான் அதிகம்.

இப்போது உங்கள் அணிக்கு வருகிறேன். பிளேஆஃப் வாய்ப்பு உயிரோடு இருந்து ஸ்டார்ட்டர் சுமாராகவாவது ஆடினால் நான் கை வைக்க மாட்டேன், கூட்டம் கத்துகிறது என்பதற்காகக் குவாட்டர்பேக்கை மாற்றும் கோச் லாக்கர் ரூமை, அதாவது ஆட்டக்காரர்களின் நம்பிக்கையை, இழந்துவிடுவார். ஊரிலேயே எல்லோருக்கும் பிடித்த ஆள் பேக்கப் குவாட்டர்பேக்தான் என்று அமெரிக்காவில் கிண்டலாகச் சொல்வார்கள், களத்தில் இறங்காதவரை யாரும் தப்பு செய்வதில்லையே. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சீசன் கிட்டத்தட்ட முடிந்த கதை, ஸ்டார்ட்டருக்கும் இது நாலாவது வருடம், அவரைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை. முதல் சுற்றில் எடுத்தோமே என்பதற்காக மட்டும் அவரை இன்னும் இறக்குவது, போன பணத்துக்குப் பின்னால் இன்னும் பணத்தைப் போடுவது. புதன்கிழமையே பேக்கப்பிடம் நீதான் என்று சொல்லிவிட வேண்டும், மூன்று நாள் பிராக்டிஸும் முதல் அணியோடு அவருக்கே, அவருக்குப் பிடித்த பிளேக்களை வைத்து ஆட்டத் திட்டம், முதல் ஆட்டத்தில் என்ன ஆனாலும் குறைந்தது நாலு ஆட்டம். மூன்றாவது கால்பகுதியில் ஒரு இன்டர்செப்ஷன் விழுந்ததும் இழுத்து உட்கார வைப்பதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

சொதப்பினால் என்ன என்று கேட்பீர்கள். சொதப்பட்டும். ஏப்ரல் டிராஃப்டில் முதல் சுற்றில் குவாட்டர்பேக் எடுப்பதா, டிஃபென்ஸுக்கு ஆள் எடுப்பதா என்ற உங்கள் அணியின் குழப்பமாவது தீரும்.