செல்ஃப் எடுக்காத ஹார்லி

வாசகர் கேள்விகளுக்குப் பட்டறையிலிருந்து பதில்

கேள்வி: 2015 மாடல் ஹார்லி ஐயர்ன் 883 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஒரே ஒரு ரிமோட்தான் கொடுத்தார்கள். சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரில் செக்யூரிட்டி விளக்கு அணையாமல் நிற்கிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக்' சத்தம்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. தெரிந்த எலெக்ட்ரீஷியன், "செக்யூரிட்டியைக் கட் பண்ணி டைரக்டா விட்டுடலாம்" என்கிறார். செய்யலாமா?
– எஸ்.கே., திருப்பூர்

பதில்: வேண்டாம். வயரிங்கில் இப்போதைக்கு யாரையும் கைவைக்க விடாதீர்கள். கடையில் வாங்கி மாட்டிய அலாரம் என்றால் பெட்டியைக் கழற்றி, வெட்டிய வயரைப் பழையபடி சேர்த்தால் வேலை முடிந்தது. உங்கள் நண்பர் அந்தப் பழக்கத்தில் சொல்கிறார். 2014 மாடலிலிருந்து ஸ்போர்ட்ஸ்டர்களில் (உங்கள் ஐயர்ன் 883-ம் அந்த வரிசைதான்) செக்யூரிட்டி, அதாவது திருட்டுத் தடுப்பு, தனிப் பெட்டி கிடையாது. இண்டிகேட்டர், ஹெட்லைட், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பாடி கன்ட்ரோல் மாட்யூலுக்குள்ளேயே அது இருக்கிறது. அந்த மாட்யூலும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம்.மும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் வண்டி உயிர் பெறும். நடுவில் வயரை வெட்டினால் பழைய கோளாறும் போகாது, புதிதாக ஒன்றும் சேரும். அப்படி வெட்டி ஒட்டிய ஹார்லி பட்டறைக்கு வரும்போது எனக்கு வயிறு எரிகிறது.

விளக்கைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. உங்கள் பாக்கெட்டில் உள்ள ரிமோட்டை வண்டி உணர்ந்துகொண்டால் அந்த விளக்கு சில விநாடி எரிந்து அணைந்துவிடும். அணைந்த பிறகும் செல்ஃப் எடுக்காவிட்டால் செக்யூரிட்டியைக் குறை சொல்லக் கூடாது; கில் ஸ்விட்ச், நியூட்ரல், கிளட்ச் லீவர் ஸ்விட்ச் பக்கம் தேட வேண்டும். உங்களுடையது அணையவில்லை. அப்படியானால் வண்டி ரிமோட்டைப் பார்க்கவில்லை, அல்லது வண்டி பேட்டரி இறங்கிப்போய் மாட்யூல் தடுமாறுகிறது.

முதலில் ரிமோட்டைத் திறங்கள். ஓரத்தில் மெல்லிய பிளவு தெரியும். அதில் நகத்தையோ மெல்லிய தகட்டையோ விட்டுத் திருகினால் இரண்டாகப் பிரியும். உள்ளே சி.ஆர். 2032 என்ற மூன்று வோல்ட் பட்டன் செல். நல்ல கம்பெனி செல்லாக வாங்கிப் போடுங்கள். செல் உட்காரும் இடத்தில் சின்ன தகட்டுக் கால்கள் இருக்கும். பலர் திறந்து மூடிய ரிமோட்டில் அவை படுத்துவிடும். பல்குத்தும் குச்சியால் மெதுவாகத் தூக்கிவிடுங்கள். புதுச் செல்லையும் விரல் படாமல் ஓரத்தில் பிடித்துப் போடுங்கள்.

அப்புறம், ரிமோட்டை எங்கே வைக்கிறீர்கள்? செல்போனோடு ஒரே பாக்கெட்டில் போடாதீர்கள், சாவிக்கொத்தோடும் சேர்க்காதீர்கள். செல்போன் டவர் பக்கத்தில் நிறுத்தினால் மட்டும் தகராறு வருகிறதா என்றும் பாருங்கள். வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டுபோய் மறுபடி சாவி போட்டால் தெரிந்துவிடும்.

அடுத்தது வண்டி பேட்டரி. நிற்கும் வண்டியிலும் செக்யூரிட்டி கொஞ்சம் கரன்ட் குடித்துக்கொண்டே இருக்கும். நாள்கணக்காக எடுக்காமல் விட்டால் காலையில் தொல்லை வருவது சகஜம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆகிற ஒரு நாளில், செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். பத்துக்குக் கீழே நன்றாக இறங்கினால் பேட்டரியிலோ டெர்மினலிலோ கோளாறு. டெர்மினல் போல்ட்டைக் கட்டாயம் அசைத்துப் பாருங்கள்; இந்த இன்ஜின் அதிர்வுக்கு அது தளரும்.

இது எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு நின்றால், டீலரிடம் கொண்டுபோய் மாட்யூலில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். 2020-ல் ஹார்லி இங்கே தன் சொந்த வியாபாரத்தை நிறுத்தினாலும், ஹீரோ மோட்டோகார்ப் வழியாக விற்பனையும் சர்வீஸும் நடக்கின்றன.

ஒரே ரிமோட் என்பதுதான் எனக்குக் கவலை. அது தொலைந்தால் வண்டியை எடுக்க உள்ள வழி ஐந்து இலக்க பின் (PIN) நம்பர். இண்டிகேட்டர் பட்டன்களாலேயே அதை அடிக்கலாம்: எண்ணுக்கு ஏற்ற தடவை இடது பட்டன், அடுத்த இலக்கத்துக்குப் போக வலது பட்டன் ஒரு தடவை. தப்பாகிவிட்டால் இரண்டு நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி முயல வேண்டும். விற்றவரிடம் பின் நம்பரைக் கேளுங்கள். ஓனர் மேனுவலோடு வந்த கார்டில் எழுதி வைத்திருக்கலாம். அவருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ரிமோட் வேலை செய்யும்போதே மேனுவலில் உள்ளபடி நீங்களே புது நம்பர் வைத்துக்கொள்ளலாம். இந்த வாரமே செய்யுங்கள். இரண்டாவது ரிமோட்டை டீலரின் கம்ப்யூட்டர் மூலம்தான் பதிய முடியும். போகும்போது ஆர்.சி.யும் உங்கள் அடையாள அட்டையும் எடுத்துப்போங்கள்.

கேள்வி: பழைய ஹோண்டா சி.பி.ஆர். 650 ஆர் வாங்கி, பஜாரில் டூப்ளிகேட் சாவி போட்டேன். பூட்டு திரும்புகிறது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவி வெட்டியது தப்பா?
– ஆர்., வேலூர்

பதில்: வெட்டியவர் மேல் தப்பில்லை. ஹோண்டாவின் 'ஹிஸ்' முறையில் சாவியின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. ஈ.சி.எம். அந்தச் சிப்பைத்தான் கேட்கும்; பஜாரில் வெட்டிய சாவியில் அது இல்லை. மீட்டரில் ஹிஸ் விளக்கும் அணையாமல் நிற்கும், பாருங்கள். சிப் உள்ள வெற்றுச் சாவி வாங்கி, வெட்டி, ஷோரூமில் பதிய வேண்டும். அதற்கு ஏற்கெனவே பதிந்த சாவி ஒன்று கையில் இருக்க வேண்டும். அதுவும் தொலைந்தால் ஈ.சி.எம்.மையே மாற்ற வேண்டிய செலவு வரும். பதிந்த பிறகு இரண்டு சிப் சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டாதீர்கள். ஒன்றின் சிக்னல் மற்றொன்றைக் குழப்பும், நல்ல சாவியிலேயே வண்டி முரண்டு பிடிக்கும்.