இருப்பைச் சேமிப்பதா, ஒவ்வொரு முறையும் கூட்டுவதா?

கேள்வி: எங்கள் ஆப்பில் வாடிக்கையாளரின் வாலட் இருப்பை, அவருடைய வரவு செலவுப் பதிவுகளை ஒவ்வொரு முறையும் கூட்டித்தான் காட்டுகிறோம். பதிவுகள் பெருகப் பெருக, பக்கம் திறக்கவே தாமதமாகிறது. இருப்புக்குத் தனி ஃபீல்டு வைத்துவிடலாமா? நார்மலைசேஷன் (ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காத ஒழுங்கு) கெட்டுவிடும் என்கிறார் டீமில் ஒருவர்.

பதில்: கெடத்தான் செய்யும். ஆனால் முதலில் அந்தக் கொயரிக்கு எக்ஸ்பிளெயின் (டேட்டாபேஸ் அதை எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் ஐடிக்கு இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) இல்லையென்றால், ஒருவருடைய நாற்பது பதிவுகளைக் கூட்ட டேட்டாபேஸ் மொத்த டேபிளையும் புரட்டிக்கொண்டிருக்கும். இண்டெக்ஸ் போட்டதும் வேகம் வந்துவிட்டால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை.

அப்படியும் மெதுவாக இருந்தால், சேமியுங்கள். ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் வம்பு இருக்கிறது. இருப்பு 500 என்று வையுங்கள். ஒரு ரிக்வெஸ்ட் 100 கழிக்க வருகிறது. அதே நொடியில் இன்னொன்று 50 சேர்க்க வருகிறது. இரண்டுமே 500 என்று படித்து, புரோகிராம் கோடில் கணக்குப் போட்டுத் திருப்பி எழுதினால் கடைசியில் நிற்பது 400 அல்லது 550. வரவேண்டியது 450. அதனால் படித்து எழுதாமல், அப்டேட்டிலேயே ‘இருப்பு = இருப்பு - 100’ என்று கொடுங்கள்; புதுப் பதிவைச் சேர்க்கும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் இது நடக்க வேண்டும் (அப்போதுதான் இரண்டும் சேர்ந்தே நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது). யாராவது நேரடியாக டேபிளில் கைவைக்கும் பழக்கம் இருந்தால் டிரிகர் (டேபிள் மாறும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் கோடு) பாதுகாப்பு. டிரிகர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, தேடினாலும் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். ஆனாலும் பண விஷயத்தில் வைத்துக்கொள்வேன். ஒரே கணக்கில் ஏகப்பட்ட பரிவர்த்தனை நடந்தால், எல்லா அப்டேட்டும் அந்த ஒரு ரோவின் லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் மாற்றவிடும் பூட்டு) வரிசையில் நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

மெட்டீரியலைஸ்டு வியூ (கொயரியின் விடையைச் சேமித்து வைக்கும் வசதி)? போஸ்ட்கிரெஸில் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. மாதாந்திர ரிப்போர்ட்டுக்குச் சரி, வாலட்டுக்கு வேண்டாம். ஜெனரேட்டட் காலம் (மற்ற ஃபீல்டுகளிலிருந்து தானாகக் கணக்கிடப்படும் column) மைஎஸ்க்யூஎல் 5.7, போஸ்ட்கிரெஸ் 12 முதல் உண்டு. அளவு × விலை மாதிரி, ஒரே ரோவுக்குள் முடிகிற கணக்குக்கு மட்டும்தான் உதவும்.

விலை என்றதும் ஒன்று: விற்ற அன்றைய விலையை ஆர்டரில் எழுதி வைப்பதை நார்மலைசேஷன் மீறல் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். நாளை விலைப்பட்டியல் மாறினால் பழைய பில்லும் மாறிவிடும்.

கடைசியாக, பதிவுகளின் கூட்டுத்தொகையையும் சேமித்த இருப்பையும் ஒப்பிடும் கொயரியைத் தினமும் இரவில் ஓடவிடுங்கள். வித்தியாசம் வந்தால் பதிவுகள் சொல்வதே கணக்கு. ஆனால் இருப்பைத் திருத்துவதற்கு முன், எந்தக் கோடு வழியாகப் பிசகியது என்று பிடித்துவிடுங்கள்.