ஆடி மாதமும் ஸ்டூடியோ வாடகையும்

செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை கல்யாணப் படம் எடுக்கிறீர்கள். ஆடி வந்தால் வாடகைக்கே திண்டாட்டம், ஸ்டூடியோவை மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூடாதீர்கள், நண்பரே.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் வேலை பிடித்தது நல்லதுதான். ஆனால் நம் ஆடிதான் அங்கே கர்க்கடகம். இந்துக் குடும்பங்களில் அங்கும் அப்போது பெரும்பாலும் முகூர்த்தம் வைப்பதில்லை. இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் காய்ந்துவிடுகின்றன.

அதே நாட்களில் குற்றாலத்தில் சாரல், விடுதிகளில் கூட்டம். விடுதிக்காரர்களுக்கு அறை, சாப்பாடு, அருவிப் படங்கள் சீசனுக்கு முன்பே வேண்டும். ஏப்ரலிலேயே நேரில் போய்ப் பேசுங்கள். ஒருமுறை எடுத்துக் கொடுத்துவிட்டு வராமல், ஆண்டு ஒப்பந்தம் போட்டு மாதந்தோறும் ஒரு தொகை கேளுங்கள். வாடகை அதிலிருந்து போகட்டும். கல்யாண வருமானத்தைத் தொடவே வேண்டாம்.

பணத்தை இழுத்தடிப்பார்கள் என்ற பயம் நியாயமானது. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம், உடனே செய்யுங்கள். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு.

இன்னொன்று, இதைப் பலரும் கவனிப்பதில்லை. கூலிக்கு எடுத்த படத்தின் பதிப்புரிமை, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சேரும். உங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.