சாணைக்காரர் வராத ஊரில் கத்தி தீட்டுவது

தம்பி, இலங்கைத் திருக்கோவில் ஊரில் இருந்து லண்டனுக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது, நாலு பேர் சேர்ந்திருக்கும் வாடகை வீட்டில் ஒரு கத்தியும் வெட்டுகிறதில்லை, கடையில் வங்கி அட்டை அளவில் கத்தி தீட்டும் வைரத்தகடு ஒன்று பார்த்தேன், வாங்கலாமா, அம்மா தந்துவிட்ட கத்திக்கும் அது சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள்.

வாங்குங்கள். நான் இங்கே வந்து 22 வருடம். முதல் ஆறு வருடம் உணவகச் சமையலறையில் நின்றவன். என் இடது ஆள்காட்டி விரலில் இருக்கும் தழும்பு மழுங்கிய கத்தி தந்தது. கூர் இல்லாவிட்டால் நாம் கத்தியை அழுத்துவோம். அழுத்தினால் தக்காளித் தோலில் அது வழுக்கும். வழுக்கும் பக்கத்தில் மற்றக் கை இருக்கும். வெளிநாட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஊரில் இதற்காக யாரும் யோசித்ததில்லை. சாணை பிடிப்பவர் சைக்கிளில் வருவார். அவர் வராத நாளில் அம்மியின் ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய மீன் வெட்டுப்படும். இங்கே நம் வாசலுக்கு அப்படி ஒருவரும் வரமாட்டார். நாமே பழகிக்கொள்ள வேண்டும்.

தகடு வாங்குமுன் உங்கள் வீட்டில் எதன்மேல் வைத்து வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். வாடகை வீடுகளில் பெரும்பாலும் கண்ணாடிப் பலகை கிடக்கும். கழுவச் சுலபம், கத்திக்கு எமன். அதில் வெட்டினால் தீட்டிய கூர் ஒரு வாரம்கூட நிற்காது. மரப்பலகை ஒன்று வாங்குங்கள். கத்தியைக் கரண்டிகளோடு சேர்த்துத் தொட்டிக்குள் போடாதீர்கள்.

இனி வைரத்தகடு. இரும்புத் தகட்டின்மேல் வைரத்துகளைத் தூவி, நிக்கல் முலாத்தால் பிடித்துவைத்திருப்பார்கள். கல் தேய்ந்து நடுவில் குழி விழும், இது விழாது. எண்ணெயில் ஊறவைக்கவும் வேண்டாம், சில சொட்டுத் தண்ணீர் போதும். இரண்டு பக்கமும் துகள் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். 325 என்று எழுதியிருந்தால் துகள் ஏறக்குறைய 45 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்), கரடு. 600 என்றால் 25 மைக்ரோன், மென்மை. சமையலறைக்கு இந்த இரண்டும் போதும். 1200 ஆசைக்கு வாங்கலாம். புதுத்தகடு முதல் சில தடவை முரட்டுத்தனமாகப் பிறாண்டும். பிறகு தானாக அமைதியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

அழுத்தாதீர்கள். அம்மியில் தீட்டிப் பழகிய கை நமக்கு, பலத்தைக் கொடுக்கத்தான் பார்க்கும். இந்தத் தகட்டில் பலம் கொடுத்தால் முலாத்தில் இருந்து துகள்கள் பெயர்ந்து தகடு வழுவழுப்பாகிவிடும். கத்தியின் பாரமும் விரல்களின் பாரமும் மட்டும் போதும்.

சாய்வு எவ்வளவு? நாலு சென்டிமீற்றர் அகலமான அலகு என்றால், ஒரு பவுண் நாணயம் நாலை அடுக்கினால் வரும் உயரத்துக்குக் கத்தியின் முதுகைத் தூக்குங்கள். ஏறக்குறைய 16 பாகை வரும். அதைக் கை நினைவில் வைத்துக்கொண்டு நாணயங்களை எடுத்துவிடுங்கள். அலகின் ஓரத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு பூசி, இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். ஓரம் வரை மை போயிருந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் போயிருந்தால் முதுகு தாழ்ந்துவிட்டது, கொஞ்சம் தூக்குங்கள்.

கரட்டுப் பக்கத்தில் ஒரே புறத்தை அடியில் இருந்து நுனிவரை இழுத்துக்கொண்டே இருங்கள். பிறகு மறுபுறத்தில் பெருவிரலை முதுகில் இருந்து ஓரத்தை நோக்கி, குறுக்காக மெல்ல வழித்துப் பாருங்கள். ஓரத்தின் நீளத்துக்கு விரலை ஓட்டவே கூடாது. மயிர் போல ஒரு பிசிறு தட்டுப்படும். அது அடியில் இருந்து நுனிவரை தட்டுப்பட்டால்தான் அந்தப் புறம் முடிந்தது என்று அர்த்தம். பலபேர் அந்தப் பிசிறு வருமுன்பே கத்தியைத் திருப்பிவிட்டு, தகடு சரியில்லை என்று சொல்வார்கள். பிறகு மறுபுறம், அதன்பின் மென்மைப் பக்கத்தில் இரண்டு புறமும் மாறி மாறி, ஒவ்வொரு தடவையும் இன்னும் இலேசாக. பத்திரிகைத் தாளை ஓரத்தில் பிடித்து வெட்டிப் பாருங்கள். கிழியாமல் இறங்கினால் போதும்.

இரண்டு கம்பிகளுக்கு நடுவே கத்தியை இழுக்கும் மலிவான கருவி உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். அது இரும்பைச் சுரண்டி எடுப்பது. அம்மாவின் கத்தியை அதற்குள் விடாதீர்கள்.

வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்குக்கு மட்டக்களப்புச் செட்டிபாளையம் போனபோது என் தகட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். பெரியம்மா தன் பாக்குவெட்டியைக் கொண்டுவந்து தந்தார். பாக்கு வெட்டுப்படாமல் நொறுங்கி, தூளாக மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. பாக்குவெட்டிக்கு ஒரு பக்கம்தான் சரிவு. அந்தச் சரிவில் மட்டும் தீட்டி, தட்டைப் பக்கத்தில் நின்ற பிசிறை ஒரே ஒரு தடவை படுக்கவைத்து எடுத்தேன். பிறகு பாக்கு சீவல் சீவலாக விழுந்தது. ஒரு சீவலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தகட்டைத் தன் வெற்றிலைத் தட்டத்துக்குள் வைத்துக்கொண்டார். நான் திரும்பக் கேட்கவில்லை. கத்தரிக்கோலுக்கும் இதே முறைதான்: வெளிச்சரிவை மட்டும் தீட்ட வேண்டும், இரண்டு அலகும் உரசும் உட்பக்கத்தில் கைவைத்தால் பிறகு அது துணி வெட்டாது. வாவியில் தூண்டில் போடும் மச்சானின் முள்ளுகளுக்கும் மென்மைப் பக்கம் நன்றாக உதவியது.

ஆனால் மண்வெட்டிக்கு இது சின்னது, அதற்கு அரம்தான். நெல் அறுக்கும், பல்லு வெட்டிய தாக்கத்தியை இதில் தேய்த்தால் பல்லுப் போய்விடும், அது கம்மாலைக்கு, கொல்லரின் பட்டறைக்கு, போக வேண்டியது. தேங்காய் துருவும் திருவலையின் பல்லுக்கும், இங்கே பாண் வெட்டும் பல்லுக்கத்திக்கும் தட்டைத் தகடு சேராது.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். இங்கிலாந்தில் பொது இடத்தில் தக்க காரணம் இல்லாமல் கத்தி வைத்திருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உச்சத் தண்டனை 4 வருடச் சிறை. விரித்தால் பூட்டு விழாத, அலகு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திக்கு மட்டும்தான் விலக்கு. சமையல் கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய், வரும் வழியில் நண்பன் வீட்டில் தீட்டலாம் என்று நினைக்காதீர்கள். தகடுதான் பயணம் செய்ய வேண்டும், கத்தி வீட்டில் இருக்கட்டும்.

அம்மா தந்த கத்தி கம்மாலையில் அடித்ததாக இருந்தால், லொறியின் வில்லுத் தகட்டில் செய்ததாக இருக்கலாம். நல்ல இரும்பு, சுலபமாகக் கூர் ஏறும். ஆனால் கழுவி ஈரத்தோடு வைத்தால் ஒரே இரவில் துரு பிடிக்கும். துடைத்து, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். முதல் தடவை அதில் கைவைக்காமல் வீட்டுக்காரரின் பழைய கத்தியில் பழகுங்கள். மை பூசி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அலகைப் படம் எடுத்து அனுப்புங்கள். சாய்வு எங்கே பிழைக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.