கேள்வி–பதில்: சீக்வென்ஸ் டயகிராம் சிக்கல்கள்

கேள்வி: எழுதும் வரிகளைப் படமாக்கும் கருவியான பிளான்ட்யூஎம்எல்லில் ஒரு சீக்வென்ஸ் டயகிராம் (யார் யாருக்கு எந்த வரிசையில் மெசேஜ் அனுப்புகிறார்கள் என்று காட்டும் படம்) எழுதியிருந்தேன். அதை அதேபோன்ற இன்னொரு கருவியான மெர்மெய்டுக்கு மாற்றினேன். பிழை ஏதும் வரவில்லை. ஆனால் எஸ்எம்எஸ் அனுப்பும் இடத்தைப் பார்த்து, "இங்கே ஏன் பதிலுக்குக் காத்திருக்கிறோம்?" என்று டீம் லீட் கேட்கிறார்.

பதில்: அவர் கேட்டது சரி. யூஎம்எல்லில் (மென்பொருள் படங்களை வரைவதற்கான பொது முறை) முழுக்கோட்டு அம்பின் முனை நிரப்பியிருந்தால், அழைத்தவர் பதில் வரும்வரை நிற்கிறார் என்று பொருள். முனை திறந்திருந்தால், அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். ->> என்ற குறி பிளான்ட்யூஎம்எல்லில் திறந்த முனையைத் தரும், மெர்மெய்டில் நிரப்பிய முனையைத் தரும். இரண்டிலும் செல்லுபடியாகும் குறி என்பதால் கருவி வாயே திறக்காது. மெர்மெய்டில் காத்திருக்காத மெசேஜுக்கு -) போடுங்கள்.

பதில் அம்பிலும் இதே வம்பு உண்டு. பிளான்ட்யூஎம்எல்லில் பலரும் போடும் --> நிரப்பிய முனையோடு வரும். திறந்த முனை வேண்டுமானால் -->> எழுத வேண்டும். மெர்மெய்டில் --> போட்டால் முனையே இருக்காது, வெறும் கோடுதான்.

கேள்வி: மெர்மெய்டில் 'ஆல்ட்' பெட்டிக்குள் (கிளைகளில் ஏதாவது ஒன்றுதான் நடக்கும் என்று காட்டும் பெட்டி) இரண்டு கிளையிலும் பதில் அம்பு வைத்தால், செயலில் இல்லாததை நிறுத்தப் பார்க்கிறாய் என்று பிழை வருகிறது. என் வரிகள்:
கடை->>+வங்கி: பணம் எடு
வங்கி-->>-கடை: சரி
வங்கி-->>-கடை: மறுப்பு
(கடைசி இரண்டும் தனித்தனிக் கிளையில்.)

பதில்: கூட்டல் குறி லைஃப்லைன் (ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே இறங்கும் கோடு) மேல், அவர் வேலையில் இருப்பதைக் காட்டும் செயல்பட்டையைத் திறக்கிறது, கழித்தல் குறி மூடுகிறது. ஓடும்போது ஒரு கிளைதான் நடக்கும் என்பது நமக்குத் தெரியும். மெர்மெய்டோ மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டே போகிறது. ஒருமுறை திறந்ததை இரண்டாம் முறை மூடச் சொன்னால் முரண்டு பிடிக்கிறது. இரண்டு வரியிலும் கழித்தல் குறியை எடுத்துவிட்டு, 'ஆல்ட்' முடிந்த பிறகு ஒரே ஒரு 'டீஆக்டிவேட் வங்கி' வரியைச் சேருங்கள். பட்டை பெட்டிக்கு வெளியே கொஞ்சம் நீளும். இருந்துவிட்டுப் போகட்டும்.

பிழையைத் தவிர்க்க 'ஆல்ட்'டை உடைத்து இரண்டு 'ஆப்ட்' பெட்டியாக்க (நிபந்தனை சரியானால் மட்டும் நடக்கும் பகுதி) வேண்டாம். அப்படிச் செய்தால் பணம் எடுத்ததும் மறுத்ததும் ஒரே ஓட்டத்தில் நடக்கலாம் என்று படம் சொல்லிவிடும்.

கேள்வி: மெசேஜில் அரைப்புள்ளி வந்தால் படம் உடைகிறதே?

பதில்: மெர்மெய்டுக்கு அரைப்புள்ளி என்றால் வரி முடிந்தது. அதற்குப் பதிலாக #59; என்று எழுதுங்கள்.

கேள்வி: லாகின் முதல் டெலிவரி வரை ஒரே படம், பிரிண்ட் எடுத்தால் எழுத்தே தெரியவில்லை.

பதில்: எழுத்தைப் பெரிதாக்கிப் பயனில்லை, படத்தைப் பிரியுங்கள். லாகினைத் தனிப் படமாக்கி, முதன்மைப் படத்தில் அந்த இடத்தில் 'ரெஃப்' பெட்டி (வேறு படத்தைப் பார்க்கச் சொல்லும் பெட்டி) மட்டும் வையுங்கள். பிளான்ட்யூஎம்எல்லில் அதற்கு 'ரெஃப் ஓவர்' இருக்கிறது. மெர்மெய்டில் 'நோட் ஓவர்' போட்டு அதில் மற்றப் படத்தின் பெயரை எழுதிச் சமாளிக்கலாம்.