பதநீர் காய்ச்ச கரண்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: விறகுப் புகையில் கண்ணும் நெஞ்சும் எரிகிறது. எவர்சில்வர் பானையில் ஹீட்டர் பொருத்தி வீட்டு லைனிலேயே 10 லிட்டர் பதநீர் காய்ச்ச முடியுமா? – சாயல்குடி வாசகி

முடியும், ஆனால் கருப்பட்டியின் கடைசிப் பதம் வரைக்கும் அல்ல. 10 லிட்டர் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும் வரை கரண்டில் காய்ச்சுங்கள். பிறகு தாச்சிக்கு (வாணலி) மாற்றி, விறகிலோ கேஸிலோ கிண்டி இறக்குங்கள். பாகு கெட்டியானதும் ஹீட்டரில் சூடாகும் கம்பியான எலிமென்ட்டைச் சுற்றியுள்ள சர்க்கரை நகராமல் அங்கேயே கருகிவிடும். கருப்பட்டி கசக்கும், எலிமென்ட்டும் வெடிக்கும். நாளெல்லாம் கருவேல விறகு கேட்பது தண்ணீர் வற்றும் அந்த முதல் கட்டம்தான். அதைக் கரண்டுக்கு விட்டாலே புகையில் பெரும்பங்கு போய்விடும்.

பானை 24 செ.மீ. விட்டமும் 45 செ.மீ. உயரமும் இருக்கட்டும். 10 லிட்டர் அதில் 22 செ.மீ. நிற்கும், மீதி இடம் நுரைக்கு வேண்டும். அடியிலிருந்து 3 செ.மீ. மேலே துளை போட்டு, 1500 வாட் எலிமென்ட் இரண்டு படுக்கைவாட்டில் பொருத்துங்கள். ஒரே 3000 வாட்டைவிட இரண்டு நல்லது: நுரை பொங்கும்போதும் கடைசி அரை மணியிலும் ஒன்றை அணைத்துவிடலாம். மடித்து நீளமாகச் செய்த எலிமென்ட்டாகக் கேளுங்கள். அதே வாட்டுக்குப் பரப்பு கூடினால் சூடு பரவும், அடிப்பிடிக்காது. பானையின் உள்சுவரில் 7 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு கீறுங்கள். பதநீர் அங்கே இறங்கியதும் அணைத்துவிட வேண்டும். எலிமென்ட் வெளியே தெரிந்து எரிந்தால் சில நிமிடங்களில் போய்விடும்.

அலுமினியப் பானை வேண்டாம். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். சுண்ணாம்பைத் தெளியவைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் எலிமென்ட்டில் வெள்ளைப் படிவு ஏறி, உள்ளே சூடு அடைபடும்.

இனி லைன். 3000 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் ஓடும், அதுவும் இரண்டு மணி நேரம் நிற்காமல். அறையில் இருக்கும் பிளக்கில் செருகக் கூடாது. மீட்டர் பக்கத்து மெயினிலிருந்து தனி லைன் இழுங்கள்: 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் இரட்டைத் துருவ எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச்), அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). ஈ.பி. அட்டையில் உள்ள இணைப்புச் சுமை போதுமா என்றும், விற்பனைக்குக் காய்ச்சினால் வீட்டுக் கட்டணம் செல்லுமா என்றும் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காய்ச்சலுக்கு ஐந்தரை, ஆறு யூனிட் ஆகும். வேலையை உரிமம் உள்ள வயர்மேன் செய்யட்டும்.

கேள்வி: எம்.சி.பி. இருக்கும்போது ஆர்.சி.சி.பி. எதற்கு? எர்த்தும் அடித்திருக்கிறோமே. – ஏர்வாடி வாசகர்

இந்த அமைப்பில் உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான். எம்.சி.பி. காப்பது வயரை. நம் கடற்கரை மணலில் எர்த் ராடின் மின்தடை எளிதாக 20 ஓமுக்கு மேல் போகும். எலிமென்ட் உடைந்து பானையில் கரண்ட் இறங்கினால், அந்த எர்த் வழியாக ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்த பதினொன்றரை ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. பானை கரண்டோடே நிற்கும், ஈரக்கையோடு கரண்டி போடுகிறவர் அதைத் தொடுவார். ஆர்.சி.சி.பி.யோ 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிக்குள் துண்டித்துவிடும்.

அதற்காக எர்த்தை விட்டுவிடக் கூடாது. எர்த் இருந்தால் யாரும் தொடும் முன்பே கசிவு ஓடி, ஆர்.சி.சி.பி. விழுந்து கரண்டைத் துண்டிக்கும். பானையின் உடம்பில் தனி போல்ட் வைத்து எர்த் வயரை இறுக்குங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உப்பு மண்ணில் சீக்கிரம் அரிக்கும், செம்புப் பூச்சு ராடும் அதைச் சுற்றி நிரப்பும் பென்டோனைட் களிமண்ணும் நீடிக்கும். கோடையில் குழி காய விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் கட்டாயம்.

கேள்வி: போன சீசனில் நன்றாக ஓடியது. இந்த வருடம் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. அதைத் தாண்டி நேராக இணைக்கலாமா? – மூக்கையூர் வாசகர்

கூடவே கூடாது. எலிமென்ட்டின் உள்ளே மின்காப்புக்காக மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் கடற்காற்றின் ஈரத்தை முனை வழியாக இழுத்துக்கொள்ளும், கசிவு அதனால்தான். எலிமென்ட்டைக் கழற்றி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். பிறகு 500 வோல்ட் மெகரில் (மின்காப்பை அளக்கும் கருவி) அளந்தால் ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் மாற்றிவிடுங்கள். சீசன் முடிந்ததும் கழுவித் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கேள்வி: பிளக் டாப் அடிக்கடி உருகுகிறது. 16 ஆம்பியர்தான் வாங்கினோம். – தொண்டி வாசகி

பின்னில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புக்காற்றில் பித்தளை களிம்பேறித் தொடுமுனை தளர்ந்தால், அந்த இடத்திலேயே சூடு பிறக்கும். இவ்வளவு நேரம் ஓடும் சுமைக்குப் பிளக்கே வேண்டாம். வயர் முனையில் வெள்ளீயம் பூசிய லக் (உலோக முனை) அடித்து, தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 பெட்டிக்குள் டெர்மினலில் இறுக்குங்கள். பெட்டி பானைக்கு நேர் மேலே வேண்டாம், ஆவி ஏறும். ஒன்றரை மீட்டர் தள்ளிச் சுவரில் மாட்டி, வயரை அடிப்பக்கமாக, ஒரு வளைவு தொங்கவிட்டு நுழைத்தால் வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்து ஸ்க்ரூக்களை இறுக்குங்கள்.

கேள்வி: மதியம் வோல்டேஜ் 190-க்கு இறங்குகிறது. ஹீட்டர் கெடுமா? – மண்டபம் வாசகர்

கெடாது. 3000 வாட் இரண்டாயிரத்துச் சொச்சமாகக் குறையும், இரண்டு மணி வேலை மூன்றாகும். ஸ்டெபிலைசர் வாங்கத் தேவையில்லை.

கேள்வி: நடுவில் கரண்ட் போனால்? வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா? – உச்சிப்புளி வாசகி

இன்வெர்ட்டர் தாங்காது. கரண்ட் போனால் பதநீரை அடுப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆபத்து கரண்ட் திரும்பி வரும்போதுதான்: காலிப் பானையில் எலிமென்ட் தானாக எரியத் தொடங்கும். ஸ்டார்ட், ஸ்டாப் பட்டனோடு 25 ஆம்பியர் கான்டாக்டர் (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்தால், கரண்ட் வந்தாலும் ஒருவர் வந்து அழுத்தாமல் ஓடாது.