ஏறினால் நகர வாசல், இறங்கினால் நகர நடு: ஃபெஸ் பற்றி மலை வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் மொராக்கோ நாட்டின் பழைய நகரமான ஃபெஸ் பற்றி ஒரு பக்கம் வெளியிட்டிருந்தோம். நீலகிரி வாசகர்களிடமிருந்து எதிர்பார்த்ததைவிட அதிகக் கடிதங்கள் வந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: ஆயிரத்து இருநூறு வருடமாக ஒரு நகரம் இடம் மாறாமல் நிற்கிறதென்றால் காரணம் என்ன? ராஜாவா, வியாபாரமா? (வாசகர், கோத்தகிரி)

தண்ணீர். ராஜாவும் வியாபாரியும் அதற்குப் பிறகு வந்தவர்கள். மேற்கே சமவெளி ஊற்றுகளில் பிறக்கும் ஃபெஸ் ஆறு, நகரத்தை நெருங்கியதும் சரிவில் இறங்குகிறது. அந்தச் சரிவில்தான் பழைய நகரம். 789-இல் அரசர் முதலாம் இத்ரீஸ் கிழக்குக் கரையில் ஊரைத் தொடங்கினார்; 809-இல் அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையில் இன்னொன்றை எழுப்பினார். 818-இல் ஸ்பெயினின் கொர்தோபாவில் நடந்த கலகத்துக்குப் பின் விரட்டப்பட்டவர்கள் கிழக்குக் கரையில் குடியேறினார்கள். இன்றைய துனிசியாவிலுள்ள கைரவானிலிருந்து வந்த குடும்பங்கள் மேற்குக் கரையில். இரண்டுக்கும் தனி மதில், தனிப் பள்ளிவாசல், தனிச் சந்தை. ஆகவே தீராத பகையும் உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் அல்மொராவித் அரசர் யூசுஃப் இப்னு தாஷ்ஃபீன் நடுமதிலை இடித்து இரண்டையும் ஒன்றாக்கினார்.

மலைக்காரர்களுக்கு இதற்குப் பிந்தைய விஷயம் சுலபமாகப் புரியும். மேட்டில் நுழையும் ஆற்றைப் பல கிளைகளாகப் பிரித்து, சுட்ட மண்குழாய்கள் வழியாகப் பள்ளிவாசல், குளியல்கூடம், தெருவோர நீர்த்தொட்டி, வசதியானவர் வீட்டு முற்றம் என்று அனுப்பினார்கள். பம்பு கிடையாது, சரிவுதான் எல்லா வேலையும் செய்தது. அழுக்கு நீருக்கு வேறு கால்வாய். அது அடிவாரத்தில் ஓடும் பூ க்ராரெப் ஆற்றில் போய் விழும். எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது, எங்கே அடைத்துக்கொள்ளும் என்பதை அறிந்த தனித் தொழிலாளர் கூட்டமே இருந்தது. குவாத்ஸியா என்று பெயர். தண்ணீர் மேலிருந்து கீழே அழுக்காகிக்கொண்டே போகும் என்பதால் தொழில்களும் அதே வரிசையில் அமைந்தன. சாயம் போடுகிறவர்களும் தோல் பதனிடுகிறவர்களும் தாழ்வில், ஆற்றை ஒட்டி. மேட்டில் இருப்பவர் ஓடையைத் திருப்பினால் கீழ்வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை.

20-ஆம் நூற்றாண்டில் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. பழைய வாய்க்கால்களைக் கவனிப்பாரில்லை, பல சாக்கடையாயின. நகரத்துக்குள் ஓடும் ஆற்றின் ஒரு பகுதியைக் கான்கிரீட் போட்டு மூடியேவிட்டார்கள். பழைய வீடுகளின் சுவர் ஊறி உப்புவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கேள்வி: உலகத்தின் முதல் பல்கலைக்கழகத்தை ஃபெஸ்ஸில் ஒரு பெண் கட்டினார் என்று வாட்ஸப்பில் வந்தது. நம்பலாமா? (மாணவி, உதகை)

பாதி நம்பலாம். அல்-கரவிய்யீன் பள்ளிவாசலை 859-இல் கைரவான் வணிகர் ஒருவரின் மகள் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி தன் பரம்பரைச் சொத்தைக் கொண்டு கட்டினார் என்பது நகரத்தின் நெடுநாள் மரபு. இதைச் சொல்லும் வரலாற்று நூல் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதாவது சம்பவத்துக்குச் சுமார் 450 வருடம் பிந்தியது. பிற்காலத்தில் பழுதுபார்த்தபோது கிடைத்த ஒரு கல்வெட்டோ 877-ஆம் ஆண்டையும், இத்ரீஸ் வம்சத்து தாவூத் என்பவரின் பெயரையும் சொல்கிறது. ஃபாத்திமா கற்பனை என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. கேள்வி இன்னும் திறந்துதான் இருக்கிறது.

‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தொடக்கத்தில் அது தொழுகைக்கூடம். தூணடியில் ஆசிரியர் உட்கார, மாணவர் சுற்றி உட்கார்ந்து சட்டம், இலக்கணம், வானியல் படித்தது படிப்படியாக வளர்ந்தது. நவீன அர்த்தத்தில் அரசுப் பல்கலைக்கழகமானது 1963-இல். இடைவிடாமல் கல்வி நடந்துவரும் மிகப் பழைய இடங்களில் ஒன்று என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அங்குள்ள நூலகத்தில் சுமார் 4,000 கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. அதன் பெரும் செப்பனிடும் பணி 2016-இல் முடிந்தது. அங்கேயும் முக்கியமான எதிரி ஈரம்தான்.

கேள்வி: 14-ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதா மதுரைக்கு வந்தவர் என்று படித்திருக்கிறேன். அவருக்கும் ஃபெஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கூடலூர்)

சம்பந்தம் நேரடியானது. மதுரை பற்றி அவர் சொன்னது எழுத்தில் ஏறியது, அன்று மொராக்கோவை ஆண்ட மரினித் வம்சத்து சுல்தான் அபூ இனானின் ஆணையால். அந்த சுல்தானின் தலைநகர் ஃபெஸ். 1325-இல் மொராக்கோவின் வடமுனையிலுள்ள தாஞ்சியரிலிருந்து புறப்பட்டவர் 1349-இல் ஃபெஸ் திரும்பினார். பிறகு கிரனாடா, மாலி என்று மறுபடியும் ஒரு சுற்று. எல்லாம் முடிந்தபின் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளர் எழுத, 1355-இல் நூல் முடிந்தது.

1340-களின் நடுவில் மாலத்தீவிலிருந்து கிளம்பி, இலங்கை வழியாகத் தமிழகக் கரைக்கு வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தம்கானி அவருக்கு மனைவி வழியில் உறவு. உறவென்று பார்த்து அவர் மென்மையாக எழுதவில்லை. சுல்தான் செய்த கொடுமைகளைப் பச்சையாகவே சொல்கிறார். மதுரையில் ஒரு கொள்ளைக் காய்ச்சல் பரவி, பிடித்தவர்கள் இரண்டு மூன்று நாளில் இறந்ததையும் பதிவு செய்கிறார். அவருக்கும் காய்ச்சல் கண்டது. அங்கே ஏராளமாகக் கிடைத்த புளியை எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாராம்; மூன்று நாள் வயிறு போய் உடம்பு தேறியதாம். நம் ஊர்ப் புளிக்கரைசல் அரபு இலக்கியத்தில் இடம்பிடித்தது இப்படித்தான். (வைத்தியமாக யாரும் முயல வேண்டாம்.)

கேள்வி: எங்கள் பக்கம் சீகை மரப்பட்டை தோல் பதனிட லாரி லாரியாகப் போனதாகப் பெரியவர்கள் சொல்வார்கள். ஃபெஸ்ஸில் எதைக் கொண்டு, எப்படிப் பதனிடுகிறார்கள்? தோல் கெடுவது எங்கே? (வாசகர், கேத்தி)

கொள்கை ஒன்றுதான். பட்டையிலோ காயிலோ தோலிலோ உள்ள துவர்ப்பு, விலங்குத் தோலின் நாரோடு கட்டிக்கொண்டு அதை அழுகாமல் செய்கிறது. சமவெளியில் ஆவாரம்பட்டை, நீலகிரியில் சீகைப்பட்டை, மொராக்கோவில் மாதுளைத் தோடு, தெற்குப் பாலைப்பகுதியில் வளரும் ஒருவகைச் சவுக்கின் பூச்சிக்காய் (பூச்சியால் செடியில் உண்டாகும் காய் போன்ற புடைப்பு). அந்தப் பூச்சிக்காய்க்கு அங்கே தக்காவுத் என்று பெயர்.

ஃபெஸ்ஸின் பெரிய பதனிடும் களம் ஷுவாரா. மேலிருந்து பார்த்தால் சாயப்பெட்டி போலத் தெரியும். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், ஒட்டகத் தோல் எல்லாம் உண்டு. முதலில் வெள்ளைத் தொட்டிகள்: சுண்ணாம்பு, தண்ணீர், உப்பு கலந்த கரைசலில் சில நாள் ஊறும். சுண்ணாம்பு தோலை ஊதச் செய்து முடியின் வேரைத் தளர்த்தும். பிறகு கத்தியால் முடியையும் ஒட்டிய சதையையும் சீவி எடுப்பார்கள். அடுத்தது எல்லோரும் மூக்கைப் பிடிக்கும் கட்டம்: புறா எச்சம் கரைத்த தொட்டி. உள்ளே இறங்கி நின்று காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். எச்சத்தின் அம்மோனியா தங்கிய சுண்ணாம்பை வெளியேற்றும். அதிலுள்ள நொதிகள் நாருக்கு இடையிலுள்ள பசையைக் கரைக்கும். கையுறை போல மடங்கும் மென்மை இங்கேதான் வருகிறது. அதன் பிறகுதான் துவர்ப்புத் தொட்டியும் சாயத்தொட்டியும். நீலத்துக்கு அவுரி, செம்மஞ்சளுக்கு மருதாணி. மஞ்சளைத் தொட்டியில் முக்காமல் கையால் தேய்ப்பது பழைய வழக்கம், ஏனென்றால் அந்தச் சாயம் விலை அதிகம். இன்று பல கடைகளில் செயற்கைச் சாயம்தான், விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

கெடுவது எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். சுண்ணாம்பில் கூடுதல் நாள் கிடந்தால் தோலின் மேல்பரப்பு அரித்துப் பலம் போய்விடும். எச்சத் தொட்டியில் அளவு மீறினால் தோல் தொளதொளவென்றாகி ஓட்டை விழும். சுண்ணாம்பைச் சரியாகக் கழுவாவிட்டால் துவர்ப்பு உள்ளே இறங்காது. வெளியே நிறம் பிடித்து, நடுவில் பச்சைத்தோலாகவே நிற்கும். வெட்டிப் பார்த்தால் நடுவில் வெளிறிய கோடு தெரியும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டை. பார்வையிட வருகிறவர்களுக்கு முகர்ந்துகொள்ளப் புதினாக் கொத்து தருவார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கூச்சம் வேண்டாம்.

கேள்வி: மொராக்கோ புதினா டீயை நம் குன்னூர்த் தூளில் போட்டால் கசக்கிறது. என்ன தவறு? (வாசகி, குன்னூர்)

தூள்தான் தவறு. சிடிசி தூள் (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்த குருணை) பாலுக்காகச் செய்யப்பட்டது. கொதித்த தண்ணீர் பட்டதும் சாயமும் துவர்ப்பும் ஒரே மூச்சில் இறங்கும். மொராக்கோவில் போடுவது சீனத்துப் பச்சைத் தேயிலை. ஒவ்வொரு இலையும் சிறு உருண்டையாகச் சுருட்டப்பட்டிருக்கும். வெடிமருந்துக் குருணை போல இருப்பதால் ‘கன்பவுடர்’ என்று பெயர். இந்தப் பழக்கம் வெகுஜனங்களிடம் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1850-களில் கிரிமியப் போரால் வழக்கமான சந்தை அடைபட்டபோது, ஆங்கிலேய வணிகர்கள் தேயிலையை மொராக்கோத் துறைமுகங்களில் கொண்டுவந்து விற்றார்கள். நீலகிரியிலேயே ஆர்த்தடாக்ஸ் முறையில், அதாவது இலையை நசுக்காமல் உருட்டிச் செய்த முழு இலைப் பச்சைத் தேயிலை கிடைக்கிறது. இறுகச் சுருண்ட இலையாகப் பார்த்து வாங்குங்கள்.

அரை லிட்டருக்கு: தேயிலை ஒரு மேசைக்கரண்டி, புதினா காம்போடு ஒரு கைப்பிடி, சர்க்கரை 50 கிராம். (ஃபெஸ்ஸில் இன்னும் கூடப் போடுவார்கள்.) தேயிலையில் அரை டம்ளர் கொதிநீர் ஊற்றி ஒரு நிமிடம் அசைக்காமல் விட்டு, அந்தத் தெளிவை இறுத்துத் தனியே வையுங்கள். அதுதான் டீயின் சாரம். இரண்டாவது முறை அரை டம்ளர் ஊற்றி நன்றாகச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். கலங்கலும் கசப்பும் அதோடு போய்விடும். எடுத்து வைத்த தெளிவைத் திரும்பச் சேர்த்து, மீதிக் கொதிநீரை ஊற்றி, இலை விரியும்வரை இரண்டு மூன்று நிமிடம் சிறு தீயில் வையுங்கள். அடுப்பை அணைத்தபின் புதினாவும் சர்க்கரையும். புதினா முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ வேண்டும். மேலே மிதக்கும் இலை கருத்து வாடை அடிக்கும். கரண்டியால் கலக்காமல், ஒரு கிளாஸில் ஊற்றி மறுபடி பாத்திரத்தில் கொட்டுவதை மூன்று முறை செய்தால் சர்க்கரை கலந்துவிடும். கடைசியில் உயரத் தூக்கி ஆற்றுங்கள், நுரை வர வேண்டும். நம் டீக்கடைக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐந்து நிமிடத்துக்கு மேல் புதினாவை ஊறவிட்டாலும் கசக்கும். குளிர்காலத்தில் அங்கே புதினாவோடு ஷீபா என்ற மாசிபத்திரி இனத்துச் செடியின் ஒரு சிறு கிளையையும் போடுவார்கள். அது பிறவியிலேயே கசப்பு.

கேள்வி: குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லா அங்கே பிறந்ததா? (வாசகர், மஞ்சூர்)

குல்லாவுக்கும் ‘ஃபெஸ்’ என்றுதான் பெயர், அது அங்கிருந்து வந்தது. உலகெங்கும் பரப்பியது உதுமானியத் துருக்கி. 1820-களில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அதைப் படைக்கும் அதிகாரிகளுக்கும் உடையாக்கினார். 1925-இல் துருக்கியே அதைத் தடைசெய்தது. வேடிக்கை என்னவென்றால் மொராக்கோ உதுமானியப் பேரரசின் மாகாணமாக ஒருநாளும் இருந்ததில்லை.

கேள்வி: ஃபெஸ் போன்ற வண்ண ஓட்டுச் சித்திரம் (ஸல்லீஜ்) எங்கள் வீட்டுச் சுவரில் பதிக்கலாமா? இங்கே மழைக்காலத்தில் சுவர் ஊறும். (வாசகர், கோத்தகிரி)

சுவர் ஊறினால் வேண்டாம். முதலில் ஈரத்தை நிறுத்துங்கள். ஸல்லீஜ் ஓடு சுட்ட மண். முகத்தில் மட்டும்தான் மெருகுப் பூச்சு. பின்னால் இருந்து ஈரம் ஏறினால் உப்பு பூத்து மெருகு செதிளாகக் கழன்றுவிடும்.

செய்முறை தெரிந்தால் விலையும் புரியும். சுமார் 10 சென்டிமீட்டர் சதுர ஓடுகளை உலர்த்தி, ஒருமுறை சுட்டு, மெருகு பூசி மறுபடி சுடுகிறார்கள். செம்பு பச்சை தரும், கோபால்ட் நீலம் தரும். பிறகு அச்சு வைத்துக் கோடு வரைந்து, மென்காஷ் என்ற கனத்த கூர்ச்சுத்தியலால் நட்சத்திரமும் பட்டையுமாக ஒவ்வொன்றாகக் கொத்துகிறார்கள். விளிம்பைப் பின்பக்கம் உள்வாங்கினாற்போல் சரித்துக் கொத்த வேண்டும். அப்போதுதான் முகங்கள் இடைவெளியின்றி ஒட்டும், பின்னால் காரை பிடிக்க இடமும் இருக்கும். துண்டுகளை முகம் கீழே பார்க்கத் தரையில் அடுக்கி, பின்பக்கம் காரை ஊற்றிப் பலகையாக்கிச் சுவரில் ஏற்றுவார்கள். அடுக்குகிறவர் வேலை முடியும்வரை நிறத்தைப் பார்ப்பதில்லை, வடிவம் மனப்பாடம். இயந்திரத்தில் வெட்டிய மலிவு ஓட்டில் விளிம்பு நேராக இருக்கும், இடுக்கில் வெள்ளைக் கோடு தெரியும்.

கேள்வி: ஃபெஸ்ஸில் ஆயிரக்கணக்கான சந்து என்று எழுதியிருந்தீர்கள். வழி தவறினால்? (பலர்)

மலைக்காரருக்குத் தவறாது. மேற்கு வாசலான பாப் பூ ஜலூதிலிருந்து தலா கபீரா, தலா ஸகீரா என்று இரண்டு தெருக்கள் இறங்குகின்றன. ‘தலா’ என்றால் ஏற்றம். நடுநகருக்கு, அதாவது அல்-கரவிய்யீனுக்குப் போக வேண்டுமென்றால் இறக்கத்தைப் பிடியுங்கள்; வெளியேற வேண்டுமென்றால் ஏற்றத்தை. அந்த வாசல் 1913-இல் கட்டியது, வெளிமுகம் நீலம், உள்முகம் பச்சை. நீலம் தெரிந்தால் நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். மூன்றே அடி அகலச் சந்து, தலைக்கு மேல் மரச்சட்டம், எதிரே சுவர் என்றால் அது முட்டுச்சந்தாக இருக்கக்கூடும். கடைகள் இல்லாத சந்துக்குள் போகாதீர்கள், அது பெரும்பாலும் ஒருவர் வீட்டு வாசலில்தான் முடியும். முஸ்லிம் அல்லாதவர்கள் பள்ளிவாசலுக்குள் போக முடியாது, கதவருகே நின்று பார்க்கலாம். பூ இனானியா மதரஸாவுக்குள் போகலாம். கார் நுழையாத நகரம் என்பதால் சிலிண்டர், செங்கல், பச்சைத்தோல் எல்லாம் கழுதையிலும் கோவேறு கழுதையிலும்தான் வரும். பின்னாலிருந்து ‘பாலக்! பாலக்!’ என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் சுமையோடு வரும் கழுதையால் நிற்க முடியாது.